சொல்கிறவர் எங்கே நிற்கிறார்?

“பெரட்டுக்குப் போனேன். மழை விடவில்லை. அரைப்பேர்தான் போட்டார்கள்.”

பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடம், அரைப்பேர் என்பது அரைநாள் சம்பளம். இந்த மூன்று வாக்கியங்களில் ஒரு பெயரும் இல்லை. நான், அவன், அவர்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் தோட்டத்துப் பிள்ளை ஒருத்திக்கு இதை வாசித்துக் காட்டினால், வேலைக்குப் போன ஆளே சொல்கிறார் என்பதும், பேர் போட்டவர்கள் வேறு ஆட்கள் என்பதும் உடனே விளங்கிவிடும். சொல்கிறவர் ஆணா பெண்ணா என்பது மட்டும் தெரியாது. அதைச் சொல்ல ‘போனேன்’ என்ற சொல்லில் இடமில்லை. ‘நான்’ என்று சேர்த்தாலும் இடமில்லை.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டப் பாடசாலைகளில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குத் தமிழ்மொழியும் இலக்கியமும் கற்பிப்பதுதான் என் தொழிலாக இருந்தது. சிறுகதைப் பாடம் தொடங்கினால் முதலில் வரும் கேள்வி, கதை யாருடைய கூற்றாக வருகிறது என்பது. அதற்கு ஒரு குறுக்குவழி பிள்ளைகளின் கொப்பிகளில் எப்போதும் எழுதியிருக்கும்: ‘நான்’ வந்தால் தன்மை, ‘நீ’ வந்தால் முன்னிலை, ‘அவன், அவள்’ வந்தால் படர்க்கை. பென்சிலை எடுத்துக் கதை முழுவதும் ‘நான்’ தேடுவார்கள். ஆங்கிலப் பாடத்தில் இந்தத் தேடல் பெரும்பாலும் பலன் தரும், ஏனென்றால் அங்கே எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. தமிழில் எழுவாயை எடுத்துவிட்டாலும் வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். போனேன், போனோம், போனாய், போனான், போனாள், போனார், போயிற்று என்று மூவிடமும் விகுதியிலேயே இருக்கின்றன. அதனால் என் வகுப்பில் முதல் வேலை, ‘நான்’ தேடுவதை நிறுத்திவிட்டு வினைமுற்றுகளின் கடைசி எழுத்துகளுக்குக் கோடு போடுவது. ஒரு பக்கத்தில் ‘ஏன்’, ‘ஓம்’ என்று முடிகிற வினைகள் எத்தனை, அவை மேற்கோளுக்கு வெளியே நிற்கின்றனவா என்று பார்த்தால் போதும், கூற்று பிடிபட்டுவிடும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி கூடுதலாகத் தேவைப்பட்டது. நுவரெலியாப் பக்கம்போல மலைக்குமேல் மலையாகத் தமிழ்த் தோட்டங்கள் தொடர்ந்து கிடக்கும் இடமல்ல சப்ரகமுவ. யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, எஹலியகொடை, பலாங்கொடை, இறக்குவானை என்று எங்கே போனாலும் றப்பரும் தேயிலையும் கலந்த தோட்டங்கள், எல்லையைத் தாண்டினால் சிங்களக் கிராமம். பிள்ளைகள் இரண்டு மொழியிலும் விளையாடுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். பலர் சிங்கள மொழிமூலமே படிக்கிறார்கள். பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளுக்கேற்ப மாறாது: மம யனவா, ஒயா யனவா, எயா யனவா. நான் போனாலும் நீ போனாலும் அவர் போனாலும் ‘யனவா’ ஒன்றுதான். எழுத்துச் சிங்களத்தில் மாறும். ஆனால் பிள்ளையின் வாயில் இருப்பது பேச்சு மொழி. இப்படி வளர்ந்த பிள்ளை தமிழில் கட்டுரை எழுதும்போது, “நான் எழும்பினேன். நான் முகம் கழுவினேன். நான் பாடசாலைக்குப் போனேன்” என்று வாக்கியத்துக்கு வாக்கியம் ‘நான்’ வைக்கும். ஆள் தொலைந்துவிடுமோ என்ற பயம் அதற்கு.

அதைப் பிழை என்று நான் வெட்டுவதில்லை. ‘நான்’ இல்லாமல் ஒருதரம், ‘நான்’ வைத்து ஒருதரம் உரக்க வாசிக்கச் சொல்வேன். “போனேன்” என்றால் போனதைச் சொல்கிறது. “நான் போனேன்” என்றால், மற்றவர்கள் போகவில்லை என்ற அர்த்தமும் கூடவே வந்து நிற்கிறது. தமிழில் தேவைக்கு அதிகமாக வரும் ‘நான்’ தன்னை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. நல்ல எழுத்தாளர் தன்மைக் கூற்றில் எழுதும் கதையில் ‘நான்’ எந்த வாக்கியத்தில் வெளியே வருகிறது, எந்த வாக்கியத்தில் விகுதிக்குள் அடங்கிக் கிடக்கிறது என்று பார்க்கப் பழகிய பிள்ளை, கதைசொல்லியின் மனத்துக்குக் கிட்டப் போய்விடும்.

‘நான்’ தேடுகிறவர்களை ஏமாற்றும் இன்னோர் இடம் ‘என்று’. “நான் வாறேன்னு சொன்னாரு” என்று ஒரு பிள்ளை வந்து சொல்கிறது. வருகிறவர் யார்? சொன்ன அவரா, செய்தி கொண்டுவந்த பிள்ளையா? பெரும்பாலும் அவர்தான். தமிழில் ஒருவர் சொன்னதை அவருடைய ‘நான்’ கெடாமல் அப்படியே தூக்கி ‘என்று’வுக்குள் வைத்துவிடலாம். ஆகவே படர்க்கைக் கதையிலும் ‘நான்’ ஏராளமாக வரும், மேற்கோள் குறிகூட இல்லாமல். அந்த ‘நான்’ கதைசொல்லியினுடையது அல்ல. இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க எனக்கு உதவியது கடிதம் எழுதிய அனுபவம். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு கூடலூர், கோத்தகிரி என்று போய்ச் சேர்ந்த சொந்தங்களுக்கு எழுத வேண்டியதை லயத்து மூத்தவர்கள் சொல்லச்சொல்ல எழுதிக்கொடுத்திருக்கிறேன். “நான் சொகமா இருக்கேன்னு எழுதுங்க சேர்” என்பார்கள். ‘என்று’வை உதறிவிட்டு “நான் சுகமாக இருக்கிறேன்” என்று எழுதுவேன். அந்த ‘நான்’ ஒருபோதும் என்னுடையது ஆகவில்லை. எழுதிய கை மட்டும்தான் என்னுடையது. எழுத்தாளர் வேறு, கதைசொல்லி வேறு என்பதை இதைவிட எளிதாக எனக்குக் கற்பிக்கத் தெரியாது.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை 1966இல் வந்தது. மழையில் நனைந்து நிற்கும் அந்தக் கல்லூரி மாணவிக்குக் கதையில் பெயரே இல்லை, ‘அவள்’தான். அதே பெண்ணின் வாழ்க்கையைப் பிறகு வேறொரு திசையில் கொண்டுபோய் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலை எழுதியபோது, கங்கா என்ற பெயருடன் அவளே ‘நான்’ என்று பேசத் தொடங்குகிறாள். சிறுகதையில் அவளுக்கு நேர்ந்ததை நாம் பார்க்கிறோம். நாவலில் அவள் நம்மைப் பார்த்துச் சொல்கிறாள், கோபப்படுகிறாள், தன்னையே விசாரிக்கிறாள். கூற்று மாறினால் கதையே மாறுகிறது என்பதற்குப் பாடம் நடத்த இதைவிட நல்ல சோடி தமிழில் எனக்குக் கிடைக்கவில்லை. மூத்த வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டையும் கொடுத்து, எது உங்களைக் கூடுதலாக அசைத்தது என்று கேட்பேன். பெண்பிள்ளைகள் நாவலின் பக்கமே நிற்பார்கள்.

கூற்றை அறிவது நம் மரபில் பழைய வேலை. சங்க அகப்பாடல்களில் கவிஞர் தன் குரலில் பேசுவதில்லை. தலைவி, தோழி, தலைவன், செவிலி என்று யாரோ ஒருவர் பேசுகிறார். யார் யார் எந்தச் சூழலில் பேசலாம் என்பதைத் தொல்காப்பியப் பொருளதிகாரம் நீளமாகச் சொல்கிறது. குறுந்தொகையின் 40ஆம் பாட்டு, செம்புலப்பெயனீரார் பாடியது, எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. அதில் உறவுப் பெயர்களுக்குள்ளேயே தன்மையும் முன்னிலையும் அடங்கியிருக்கின்றன: யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய், எந்தை என் தகப்பன், நுந்தை உன் தகப்பன். பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர் என்பது இதனால் உறுதியாகிறது. ஆனால் பேசுவது ஆணா பெண்ணா? அந்தச் சொற்களில் விடை இல்லை. தலைவன் கூற்று என்று நமக்குச் சொல்வது பாட்டின் அடியில் உள்ள குறிப்புத்தான். அந்தக் குறிப்பு இல்லாமல் பாட்டை மட்டும் கரும்பலகையில் எழுதி, “யார் பேசுறது?” என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். மூவிடப்பெயர் இடத்தைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது என்பதை அன்றைக்குப் படித்துவிடுவார்கள்.

படர்க்கைக் கதைகளில் நான் பிள்ளைகளைத் தேடவைப்பது ‘தான்’ என்ற சிறு சொல்லை. “கங்காணி தன் குடையைப் பார்த்தார்” என்பதிலும் “கங்காணி அவள் கூடையைப் பார்த்தார்” என்பதிலும் வேறுபாடு எல்லாருக்கும் தெரியும். “மழை வலுத்தது. தான் இன்றைக்கும் பிந்தித்தான் போகப்போவதாக நினைத்துக்கொண்டாள்” என்ற வாக்கியத்தில் ‘தான்’ யார் மனத்துக்குள் இருக்கிறோம் என்பதைக் காட்டுகிறது. கதை முழுக்கப் படர்க்கையாக இருக்கலாம், பத்துப் பேர் நடமாடலாம். நினைவோடு சேர்ந்த ‘தான், தன், தனக்கு’ யார்மேல் மட்டும் விழுகிறதோ அவருடைய கண்ணால்தான் கதை நடக்கிறது. இதேபோல ‘இவன்’. சிறுபத்திரிகைக் கதைகளில் கதாநாயகனை ‘அவன்’ என்னாமல் ‘இவன்’ என்பார்கள். ஓர் எழுத்துத்தான் மாறுகிறது, கதைசொல்லி அவன் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார்.

இவையெல்லாம் இலக்கணத்தோடு முடியும் விஷயங்கள். எங்கள் தோட்டங்களில் இதற்குமேல் ஒன்று இருந்தது.

“துரை வந்தார். கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார். கருப்பாயி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.”

இந்தக் கூற்று எது என்று கேட்டால், “படர்க்கை, சேர்” என்று பதில் வரும். சரி. கதைசொல்லி யார் பக்கம்? “யார் பக்கமும் இல்ல.” அங்கேதான் நிறுத்துவேன். கருப்பாயிக்கு என்ன வயது என்று வைத்துக்கொள்ளலாம்? கொழுந்து எடுக்கிற பேத்தி இருக்கிற வயது. உங்கள் லயத்தில் அப்படி ஒருவரை எப்படிச் சொல்வீர்கள்? “அம்மாயி ஓடுச்சு.” துரையை, அவர் இல்லாத இடத்தில் எப்படிச் சொல்வீர்கள்? கொஞ்சம் தயங்கிவிட்டு யாராவது சொல்வார்கள்: “தொரை வந்துட்டான்.” இப்போது இரண்டு வடிவங்களும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டும் படர்க்கை. நடந்த சம்பவம் ஒன்று. முதல் வடிவத்தைச் சொல்கிறவர் ஒப்பீஸ் வாசலில் நிற்கிறார். இரண்டாவதைச் சொல்கிறவர் கூடையோடு மலையில் நிற்கிறார்.

ஆங்கிலத்தின் படர்க்கைச் சுட்டில் இந்த வேறுபாடு இல்லை. துரைக்கும் தொழிலாளிக்கும் ஒரே சொல்தான். தமிழில் படர்க்கையில் வாய் திறந்தாலே மரியாதையைப் பற்றி ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருக்கிறது. ஆகையால் தமிழில் ஒரு பக்கமும் சாராத படர்க்கை என்று ஒன்று இருப்பதாக நான் நம்பவில்லை. ஒன்று மட்டும் கவனம். நவீனச் சிறுகதை மரபில் ‘அவன், அவள்’ என்பது மரியாதைக் குறைவு அல்ல. ஒரு மனிதரின் உள்ளே போவதற்கு எழுத்தாளர்கள் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ஒரு ‘வந்தாள்’ஐ மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பங்கீட்டைப் பார்க்க வேண்டும். கதையில் எல்லாருமே ‘ஆன், ஆள்’ என்றால் அது எழுத்தாளரின் நடை. சிலருக்கு ‘ஆர்’, சிலருக்கு ‘ஆள்’ என்று பிரிந்தால், அந்தப் பிரிவு ஓடுகிற கோட்டைத் தொட்டுக்கொண்டே போனால் கதைசொல்லி நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேரலாம். அந்தக் கோடு வயதை ஒட்டி ஓடுகிறதா, சம்பளத்தை ஒட்டியா, சாதியை ஒட்டியா? பிள்ளைகள் இதைச் செய்து பார்த்த முதற்கதைகள் அவர்களுடைய சொந்தக் கட்டுரைகள்தான். தாங்கள் பேசும்போது “அம்மா சொல்லுச்சு” என்று பாசத்தோடு சொல்வதை எழுதும்போது “அம்மா சொன்னார்” என்று மாற்றுகிறார்கள். பரீட்சைக்கு அது தேவை. ஆனால் சிறு பிள்ளையின் வாயால் சொல்லப்படும் கதையில், “அம்மா சொல்லுச்சு” என்றுதான் இருக்க வேண்டும் என்று நான் வாதாடுவேன். அந்த அஃறிணை முடிபில் இருக்கும் நெருக்கம் ‘ஆர்’ விகுதியில் கிடையாது.

வினைச்சொல் காட்டும் இன்னொரு திசையும் உண்டு. நம் முன்னோர்கள் கண்டிச்சீமைக்கு “வந்தார்கள்” என்று ஒருவர் எழுதுகிறார், “போனார்கள்” என்று இன்னொருவர் எழுதுகிறார். புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய ‘துன்பக்கேணி’யில் மருதியின் துயரம் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் தொடங்கி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு நீள்கிறது. என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’வில் தோட்டம் யாரும் போய்ச்சேரும் இடமல்ல, கதையில் இருப்பவர்கள் பிறந்து வளர்ந்த இடம். இரண்டும் படர்க்கைக் கதைகள். அடுத்தடுத்து வாசிக்கும் மலையகப் பிள்ளை, முதற்கதையில் தன் ஊருக்குக் கப்பலேறி வருகிறது, இரண்டாம் கதையில் தன் ஊரிலேயே கண் விழிக்கிறது. புதுமைப்பித்தன்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவ்வளவு முன்னாலேயே எங்கள் சனத்துக்காக அவர் கோபப்பட்டார் என்பது பெரிய காரியம். ஆனால் அந்தக் கோபம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கத்தான் வேண்டும்.

கடைசியாக ‘நாம்’, ‘நாங்கள்’. கேட்கிறவரையும் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். பழந்தமிழில் நாம், யாம். இந்த வேறுபாடு சிங்களத்தில் இல்லை, ‘அபி’ ஒன்றே போதும். யாழ்ப்பாணப் பேச்சில் இரண்டுக்கும் ‘நாங்கள்’ என்றே வரும். பத்திரிகைத் தலையங்கங்களிலோ எங்கும் ‘நாம்’. ஆகவே யாழ்ப்பாணத்து எழுத்தாளர் ஒருவரின் கதையில் ‘நாங்கள்’ என்று கண்டவுடன், வாசகரை வெளியே நிறுத்திவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. தோட்டத்துப் பேச்சில் ‘நாங்க’, ‘நாம’ இரண்டும் தெளிவாகப் பிரிந்து வாழ்கின்றன. கல்கி ‘பொன்னியின் செல்வன்’ நெடுக வாசகரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது இந்த ‘நாம்’ஐ வைத்துத்தான் என்பதைப் பிள்ளைகள் எளிதாகக் கண்டுகொள்வார்கள்.

தெளிவத்தை ஜோசப் தன் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு ‘நாமிருக்கும் நாடே’ என்று பெயர் வைத்தார். 1979இல் வந்தது. பாரதியின் சுதந்திரப் பள்ளிலிருந்து எடுத்த பெயர். பாரதி பாடிய ‘நாம்’ஐ யாரும் கேள்வி கேட்கவில்லை. ஜோசப்பின் ‘நாம்’ வேறு. 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் சனத்தை நாட்டின் ‘நாம்’ஐ விட்டு வெளியே தள்ளியது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில் எங்கள் ஆட்கள் முழுக்கப் படர்க்கை. அதற்குப் பிறகு ஒருவர் வந்து, கேட்கிறவரையும் உள்ளே சேர்க்கும் சொல்லை அட்டையில் போடுகிறார். அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “இந்த ‘நாம்’ல யார் யார் இருக்காங்க?” என்று கேட்டால் ஒரு பாடவேளை போதாது.

1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் தமிழர்மேல் நடந்த வன்முறைகளைப் பார்த்த மூத்தவர்களின் நினைவுகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதிவைத்தபோதுதான் இந்தப் பாடம் முழுவதும் எனக்கு ஒன்றாகத் திரண்டது. இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் 1981இல் பட்டதை நூல்களில் ஒரு பந்தியில் வாசித்துவிடலாம். அதைச் சொல்கிறவர் வாயில் அது ஒரு பந்தியாக வருவதில்லை. ஒரு தாயின் பேச்சைச் சொல்கிறேன். அவருடைய லயத்துப் பக்கத்துக் காம்பராப் பெண்ணும் நானும் எதிரில் இருந்தோம். அவர் என்னைப் பார்த்துச் சொன்னபோது “நாங்க றப்பர் மலைக்குள்ள ஓடுனோம்” என்றார். பக்கத்துப் பெண்ணின் பக்கம் திரும்பியதும் “நாம அப்ப எதையும் எடுக்கலயே” என்றார். நான் அன்றைக்கு அங்கே இல்லாதவன் என்பதால் ‘நாங்க’வுக்கு வெளியே, அந்தப் பெண் கூட ஓடியவர் என்பதால் ‘நாம’வுக்கு உள்ளே. வீட்டுக்குத் தீ வைத்தவர்களை “அவனுக” என்றார். ஒளித்துவைத்துச் சோறு போட்ட சிங்களக் கடைக்காரரை “நம்ம மாத்தையா” என்றார். இந்த ‘நம்ம’வில் நானும் சேர்ந்திருந்தேன். அந்த மனிதரை நான் கண்டதே இல்லை.

ஓட்டத்தின் நடுப்பகுதியைச் சொல்லும்போது ‘ஓம்’ விகுதி காணாமற்போயிற்று. “ஆளுக ஓடுது, புள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஓடுது” என்று நிகழ்காலத்துக்கும் படர்க்கைக்கும் போய்விட்டார். தன்னையே வெளியிலிருந்து பார்க்கிறார். நீளமாகச் சொன்ன அந்தக் கதை முழுவதிலும் தன்மை ஒருமை ஒரே இடத்தில்தான் வந்தது: “கொடத்த விட்டுட்டேன்.” கலியாணத்துக்குத் தாய்வீட்டில் கொடுத்த பித்தளைக் குடம். ‘நான்’ என்ற சொல் அங்கேயும் இல்லை. ‘ஏன்’ விகுதி மட்டும்.

எழுதிவந்ததைச் சுத்தப் பிரதி எடுத்த பிள்ளை, நன்றாகப் படிக்கிற பிள்ளை, முழுவதையும் தன்மை ஒருமைக்கு மாற்றி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘நான்’ சேர்த்து அழகாக எழுதிக்கொண்டு வந்தது. சரளமாக இருந்தது. அந்தத் தாய் அதில் இல்லை. பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, ‘நாங்க’, ‘நாம’, ‘ஆளுக’, ‘விட்டுட்டேன்’ நான்கையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொன்னேன். விகுதிகளைத் திருத்த வேண்டாம், அடைப்புக்குறிக்குள் ஆளின் பெயர் போட வேண்டாம், காலத்தை ஒன்றாக்க வேண்டாம். பிற்பாடு இப்படிப்பட்ட பதிவுகளை அச்சுக்குக் கொடுத்தபோதும் இதே மூன்றையும் எழுதி இணைத்தேன். சில இடங்களில் கேட்டார்கள், சில இடங்களில் கேட்கவில்லை.

ஆனால் வாசகருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். ‘நாங்க’வும் ‘நாம’வும் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டன என்று தெரியாவிட்டால் அந்த வேறுபாடு வெறும் தடுமாற்றமாகத் தெரியும். அதற்குக் குறுந்தொகைப் பாட்டுகளின் அடியில் குறிப்பு எழுதியவர்கள் செய்ததையே செய்தோம். ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஒரு வரி. இந்தப் பதிவின் அடியில் பிள்ளைகள் எழுதியது: கூட ஓடிய பக்கத்துக் காம்பராக்காரியும் பாடசாலை ஆசிரியரும் கேட்டிருக்க, தாய் சொன்னது.